லினக்ஸில் ஸ்ட்ர்ரெவ் எங்கே போனது?

கேள்வி: டர்போ சி-யில் ஒழுங்காக ஓடிய ப்ரோகிராம், உபுண்டுவில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நின்றுவிடுகிறது. ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போடும் ஸ்ட்ர்ரெவ் (strrev), எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றும் ஐடோஏ (itoa) இரண்டு ஃபங்ஷனையும்தான் சொல்கிறது. ஹெடர் ஃபைல்களைச் சேர்த்திருக்கிறேன். தோழியின் விண்டோஸில் மிங்-டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) வைத்து இதே கோடு ஓடுகிறது. ஜிசிசி கம்பைலரை மறுபடி இன்ஸ்டால் செய்யட்டுமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம், உங்கள் ஜிசிசியில் ஒரு குறையும் இல்லை. இந்த இரண்டும் சி மொழியின் ஸ்டாண்டர்டில் என்றைக்குமே இருந்ததில்லை. போர்லாண்டும் மைக்ரோசாஃப்டும் தங்கள் லைப்ரரியில் கூடுதலாகக் கொடுத்தவை. மிங்-டபிள்யூ மைக்ரோசாஃப்ட் லைப்ரரியைப் பயன்படுத்துவதால் அங்கே கிடைக்கிறது, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் (glibc) கிடையாது. இதைச் சொல்லாமலே பாடம் நடத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, எரர் ஏன் கடைசியில் வருகிறது? ஹெடரில் இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பழைய ஜிசிசி அது இன்ட் திருப்பித் தரும் என்று தானே வைத்துக்கொண்டு, ஒரு வார்னிங்கோடு விட்டுவிடும். அப்புறம் ப்ரோகிராமை லைப்ரரியோடு இணைக்கும் லிங்க்கர், லைப்ரரி முழுக்கத் தேடி, அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று கைவிரிக்கும். 2024-இல் வந்த ஜிசிசி 14-இலிருந்து கம்பைல் கட்டத்திலேயே எரர். அதுவரை அந்த வார்னிங்கைத் தயவுசெய்து படியுங்கள், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஐடோஏவுக்குப் பதில் ஸ்டாண்டர்டில் உள்ள எஸ்என்பிரின்ட்எஃப் (snprintf) போதும். பைனரியாக மாற்றுவதற்காக என்றால் ஒரு சின்ன லூப் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங்கைத் திருப்புவதும் ஐந்தாறு வரிதான். ஆனால் அதற்கு ஸ்ட்ர்ரெவ் என்றே பெயர் வைக்காதீர்கள், ஏனென்றால் எஸ்-டி-ஆர் என்று தொடங்கி அடுத்ததும் சின்ன எழுத்தாக வரும் பெயர்களை ஸ்டாண்டர்ட் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. இன்றைக்கு ஓடும், நாளை லைப்ரரியே அதே பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தால் மோதும். ஓபன்பிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் 1998-இல் வந்த, ஸ்ட்ரிங்கைப் பிரதியெடுக்கும் ஸ்ட்ர்-எல்-காப்பி (strlcpy) விஷயத்தில் இது நடந்தது. ஜிலிப்சியில் அது இல்லாததால் பலரும் தங்கள் ப்ரோகிராமுக்குள்ளேயே ஒரு பிரதி வைத்திருந்தார்கள், 2023-இல் ஜிலிப்சி 2.38 அதைச் சேர்த்ததும் ஸ்டேட்டிக் (அந்த ஃபைலுக்குள் மட்டும்) என்று எழுதி வைத்திருந்தவை கம்பைல் ஆகாமல் நின்றன. திருப்பு_ஸ்ட்ரிங் என்பதுபோல உங்களுக்கே உரிய பெயராக, ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

இன்னொன்று, ஸ்கொயர் ரூட் ஃபங்ஷனுக்கும் இதே எரர் வரலாம். ஆனால் அது ஸ்டாண்டர்டில் உள்ளதுதான், மேத் லைப்ரரி தனி ஃபைல் என்பதால் கமாண்டில் சோர்ஸ் ஃபைல் பெயருக்குப் பின்னால் மைனஸ்-எல்-எம் (-lm) சேர்த்தால் சரியாகிவிடும்.