விளையாட்டு சலித்துவிட்டது, கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவாரா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். மகனுக்காகக் கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கான கேம் கார்ட்ரிட்ஜ் ஒன்றை 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய பாணிப் புள்ளிப் படங்களில் வாள், மந்திரம், டிராகன் என்று போகும் ரோல்பிளேயிங் கேம் அது. பத்தடி நடந்தால் ஒரு சண்டை, எல்லாம் ஒரே மாதிரி. எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. தங்கையும் சேர்ந்து ஆடலாம் என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் சொன்னது நடக்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "பிரிச்சு ஆடிப் பாத்தாச்சுங்களே அம்மணி, இனி எப்படிங்க எடுக்கிறது?" என்கிறார். பாலக்காட்டில் இருந்துகொண்டு வழக்குப் போட முடியுமா?

பதில்: சலிப்புக்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. 1986-ல் ஜப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் காலத்திலிருந்தே, நடக்க நடக்கச் சண்டை வருவதும் முறை வைத்து அடிப்பதும் இந்த வகை விளையாட்டின் இலக்கணம். அந்தப் பாணியில் செய்ததை அந்தப் பாணியில் இருக்கிறது என்று குறை சொன்னால் எந்த நுகர்வோர் ஆணையமும் ஏற்காது. எழுத்துச் சிறிதாக இருப்பதும் அப்படியே. உங்களுடையது டிவியில் இணைக்க முடியாத ஸ்விட்ச் லைட் வகையாக இல்லாவிட்டால் டிவியில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் தங்கை விஷயம் வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவர் சொன்ன தரத்துக்குக் குறைவாக இருப்பதையும் குறைபாடு என்றே கணக்கிடுகிறது. நீங்கள் அனுப்பிய படத்தில், பெட்டியின் பின்புறம் ஒருவர் மட்டுமே ஆடலாம் என்பதற்கான குறி தெளிவாக இருக்கிறது. கடைக்காரரின் செய்தியோ "ரெண்டு பேர் ஆடலாம்ங்க" என்கிறது. உங்கள் வழக்கு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்பதால், அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

ரசீது என்று நீங்கள் அனுப்பியிருப்பது, விசிட்டிங் கார்டின் பின்னால் பேனாவால் எழுதிய "3400 பெய்ட்" மட்டுமே. முறையான பில் கொடுக்காததையே சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. அதோடு, இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்து விற்கும் சரக்கில்தான் பெரும்பாலும் இப்படி இருக்கும். அடுத்த முறை ஸ்டிக்கர் இல்லாத பெட்டிக்கும், "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனிங்க" என்னும் கடைக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஸ்விட்ச்சுக்கு அடுத்து வந்த ஸ்விட்ச் 2 கருவிக்கு வாங்கினால் இன்னொன்றும் கவனியுங்கள்: சில அட்டைகளில் விளையாட்டே இருக்காது, சாவி மட்டும் இருக்கும்; மீதியை இணையத்தில் இறக்க வேண்டும்.

எல்லை பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில், கடை இருக்கும் ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடிந்தது. அதனால் எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டி வாங்கியவர்கள், பஸ் செலவு பொருளின் விலையை மிஞ்சுகிறது என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊரிலும், வேலை செய்யும் ஊரிலும்கூட, புகார் கொடுக்கலாம் என்கிறது. ஆகவே கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் நீங்கள் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். பொருள் வாங்கிய ஊர் வேறு மாநிலம் என்று யாராவது மனுவைத் திருப்பினால், பிரிவு 34-ஐச் சுட்டிக்காட்டுங்கள்.

அப்படித் திருப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்துபவர்கள் பெரும்பாலும் ஆணைய வாசலில் நிற்கும் இடைத்தரகர்கள். மலையாளத்தில் எழுதித் தருகிறேன், ஸ்டாம்ப் கட்டணம், உள்ளே ஆள் இருக்கிறது என்று 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் போனை எடுக்க மாட்டார்கள். வக்கீலான நானே சொல்கிறேன்: இதற்கு வக்கீலும் தேவையில்லை, தரகரும் தேவையில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அங்கிருந்து வரும் கடிதத்துக்கே இறங்கிவிடும். இறங்காவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனுவை நீங்களே ஏற்றலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. எழுதியவர்கள் ஒரு நாளாவது அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். உறுப்பினர் நியமிக்கப்படவில்லை, எதிர்த்தரப்பு வரவில்லை என்று வாய்தா போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கிடையில் மகன் அந்தக் கார்ட்ரிட்ஜைப் பழைய பொருளாக விற்றுவிடலாம் என்பான். ஆடிய பதிவு கருவியின் நினைவகத்திலேயே இருப்பதால், விற்றாலும் அவனுக்கு ஒன்றும் போகாது. ஆனால் உங்களுக்குச் சாட்சி போய்விடும். வழக்கு முடியும் வரை பெட்டியோடு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.