வீடு மாறினோம், தபால் மாறவில்லை: புரோக்கருக்கு 2,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் 14 ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்துவிட்டு, இரண்டு மாதங்களுக்கு முன் கொடுங்கையூருக்கு வந்துவிட்டோம். என் பெயருக்கு வங்கி அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் உறை, 'லெஃப்ட்' (வீட்டைக் காலி செய்துவிட்டார்) என்று எழுதப்பட்டுத் திரும்பிவிட்டதாக வங்கியில் சொல்கிறார்கள். என் மகனுக்குப் பாஸ்போர்ட்டும் வர வேண்டியிருக்கிறது. விண்ணப்பத்தில் பழைய முகவரிதான் இருக்கிறது. 2,000 ரூபாய் கொடுத்தால் தபால் ஆபீஸிலேயே முகவரியை மாற்றி, எல்லாத் தபாலும் புது வீட்டுக்கு வரும்படி செய்து தருவதாக ஜெராக்ஸ் கடையில் அறிமுகமான ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? திரும்பிப் போன தபால் என்ன ஆகும்?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள், அதில் பெரும்பகுதி வடசென்னைப் பட்டுவாடாப் பிரிவுகளில் பணியாற்றியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். 'எல்லாத் தபாலும் புது வீட்டுக்கு' என்று மொத்தமாக மாற்றித்தரும் பதிவேடு எதுவும் நம் அஞ்சல் துறையில் இல்லை. இல்லாத ஒன்றை அவர் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார்.

உறையில் இருக்கும் 600021 என்ற பின்கோடு எண்ணைப் பார்த்துத்தான் அந்தத் தபால் பழைய வண்ணாரப்பேட்டைப் பட்டுவாடாவுக்கு வந்து சேருகிறது. அங்கே தெருவாரியாகப் பிரித்து, அந்தந்த 'பீட்' (ஒருவருக்கு ஒதுக்கிய தெருக்கள்) தபால்காரரின் மேசைக்குப் போகிறது. நீங்கள் கொடுங்கையூரின் 600118-க்குக் குடிபோய்விட்டீர்கள் என்பது அந்த மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே, அவர் பழைய முகவரியை அடித்துவிட்டுப் புதிய முகவரியை எழுதித் திருப்பிவிட முடியும். இதற்குப் பெயர் ரீடைரக்ஷன். பழைய வீட்டுக்குத் தபால் தருகிற அலுவலகத்தின் போஸ்ட் மாஸ்டருக்கு நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். விண்ணப்பம் கொடுப்பதற்குக் கட்டணம் கிடையாது. கையெழுத்து பெறுநருடையதாக இருக்க வேண்டும் என்பதால், இடைத்தரகர் யாரும் உங்களுக்காகச் செய்துதர இதில் ஒன்றுமில்லை.

பலர் புது வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அஞ்சல் நிலையத்தில் கொண்டுபோய் இந்தத் தாளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது பயன்படாது, பழைய பகுதியில்தான் கொடுக்க வேண்டும். அங்கும், ஸ்டாம்பு வாங்குகிற எல்லா அஞ்சல் நிலையங்களிலும் பட்டுவாடா கிடையாது. இப்போது பல இடங்களில் பட்டுவாடாவைத் தனி மையங்களுக்கு மாற்றியும் வருகிறார்கள். ஆகவே, 'எங்கள் தெருவுக்குத் தபால் எங்கிருந்து புறப்படுகிறது?' என்று முதலில் கவுண்டரில் கேளுங்கள். பழைய தெருவின் தபால்காரரைப் பார்த்துக் கேட்டால் இன்னும் சரியான பதில் கிடைக்கும்.

அந்தத் தாளில் உங்கள் பெயரை மட்டும் எழுதினால், உங்கள் பெயருக்கு வருவது மட்டுமே புது வீட்டுக்கு வரும். வீட்டில் யார் யார் பெயருக்குத் தபால் வருமோ, அத்தனை பெயர்களையும் முன்னெழுத்தோடு எழுதி, பெரியவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். திருமணத்துக்கு முன் இருந்த முன்னெழுத்திலேயே வங்கிக் கணக்கு இருந்தால் அதையும் எழுதுங்கள். பழைய வீட்டின் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். நம் ஊரில் ஒரே தெருவில் 'பழைய எண் 31'-ம் 'புதிய எண் 31'-ம் வேறு வேறு வீடுகளாக இருக்கும். புது முகவரியிலும் இதே கவனம் வேண்டும். முத்தமிழ் நகர் என்றால் எத்தனையாவது பிளாக் என்பது இல்லாமல் எழுதக் கூடாது. எம்.கே.பி. நகரில் கிழக்கு, மத்திய, மேற்கு என்று மூன்று வகைக் குறுக்குத் தெருக்கள் இருக்கின்றன. திசையை விட்டுவிட்டு எழுதிய உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தபால்காரர் மூன்று பக்கமும் அலைவதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் உங்கள் செல்பேசி எண்ணையும், எந்தத் தேதி வரை திருப்பிவிட வேண்டும் என்பதையும் எழுதி, இன்னொரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும். காலம் முடிந்தால் மறுபடி எழுதிக்கொடுக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், அது நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த தாளைத் தபால்காரர் தம் பிரிப்புப் பலகையில் ஒட்டிவைப்பார், அல்லது மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். ஒருமுறை ஒரு பட்டுவாடாப் பிரிவில் வழக்கமான தபால்காரர் பத்து நாள் விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த இளைஞர் உறையோடு தெருவுக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார். 'அவங்க காலி பண்ணிட்டாங்களே' என்று பதில் வந்ததும், சிவப்பு மையில் 'லெஃப்ட்' என்று எழுதித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அது ஒரு பெண்ணுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு. அவர் முந்தின மாதமே எழுதிக்கொடுத்திருந்த ரீடைரக்ஷன் தாள், அதே மேசையின் கண்ணாடிக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அந்த இளைஞரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் அதைக் காட்டவில்லை. 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் போய், 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாலு மீட்டர் சதுரத்துக்கு ஒன்றாகப் பத்து எழுத்துக் குறியீடு தருகிற டிஜிபின் 2025 மே மாதம் வந்தது. ஆனால் ஒரு குடும்பம் வண்ணாரப்பேட்டையிலிருந்து கொடுங்கையூருக்குப் போனது இன்னமும் ஒரு துண்டுத்தாளை நம்பித்தான் இருக்கிறது. டிஜிபின் இடத்தைக் காட்டுமே தவிர, அந்த இடத்தில் இன்று யார் குடியிருக்கிறார் என்பதைக் காட்டாது. இதைச் சரிசெய்யாமல் வைத்திருப்பது எனக்கு வருத்தம்தான், கோபமும்தான்.

இனி புரோக்கரின் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பல அஞ்சல் நிலையங்களில் இப்போது ஆதார் கவுண்டர் இருக்கிறது. இவர்கள் உங்களை அங்கே அழைத்துப்போய், ஆதாரில் முகவரியை மாற்றுவதற்கான 75 ரூபாயைக் கட்டி, ஒப்புகைச் சீட்டை உங்கள் கையில் கொடுத்து, 'தபால் ஆபீஸில் மாற்றியாகிவிட்டது' என்பார்கள். சீட்டு உண்மையானது, கட்டணம் உண்மையானது, கட்டடமும் தபால் ஆபீஸ்தான். ஆனால் மாறியது ஆதார் முகவரி மட்டுமே. தபால்காரரின் மேசைக்கு அந்தச் செய்தி போகவே போகாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே இதில் ஏமாந்து, மூன்று மாதம் கழித்து வந்து 'நான்தான் மாற்றிவிட்டேனே' என்று கவுண்டரில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆதாரை மாற்றுவது அவசியந்தான். வாடகை ஒப்பந்தம் உள்ளிட்ட உரிய சான்றோடு நீங்களே வரிசையில் நின்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மோசடி, செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி. 'உங்கள் பார்சல் வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் திருத்துங்கள்' என்று இந்தியா போஸ்ட் பெயரில் வரும். அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே (பி.ஐ.பி.) எச்சரித்திருக்கிறது. வீடு மாறிய சமயத்தில் இந்தச் செய்தி வந்தால் யாருக்கும் உண்மை போலவே தோன்றும். இணைப்பைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணில், உறையின் 13 எழுத்து எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் வங்கி உறை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். அனுப்புநர் முகவரி இருந்ததால் அது வங்கிக்கே திரும்பியிருக்கும். உள்ளே ஏடிஎம் அட்டையோ காசோலைப் புத்தகமோ இருந்தால், வங்கிகள் அதைச் சில காலம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவதும் உண்டு. ஆகவே முதலில் கிளைக்கு நேரில் போங்கள். அங்கே சேமிப்புக் கணக்கில் முகவரியை மாற்றிவிட்டோம் என்று சொல்வதோடு திருப்தியடைந்து வந்துவிடாதீர்கள். கடன் அட்டை, நகைக்கடன், வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு வைத்துக்கொண்டு, ஒன்றில் மாற்றியது மற்றதற்குத் தெரியாமல் நடக்கிற வங்கிகள் இருக்கின்றன. ஒரே கட்டடத்துக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், வயதானவர்கள் நான்கு முறை படியேற வேண்டும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வங்கி அட்டைகள் பல நேரம் தனியார் கூரியரில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் போஸ்ட் மாஸ்டரிடம் கொடுத்த தாள் கூரியர்காரரைக் கட்டுப்படுத்தாது.

அனுப்புநர் முகவரியே இல்லாத சாதாரணக் கடிதமாக இருந்தால் அதன் கதி வேறு. அது திரும்பும் கடிதங்களுக்கான அலுவலகத்துக்குப் போகும். முன்பு அதை 'டெட் லெட்டர் ஆபீஸ்' என்றார்கள். அங்கே அதிகாரம் பெற்ற அலுவலர் உறையைப் பிரித்து, உள்ளே யாருடைய முகவரியாவது கிடைக்கிறதா என்று பார்ப்பார். கிடைக்காவிட்டால் கடிதம் அழிக்கப்படும். அதனால்தான் கல்யாணப் பத்திரிகை உறையிலும் அனுப்புநர் முகவரி எழுதுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

மகனின் பாஸ்போர்ட் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்டில்தான் வரும். ஆனால் அதை ரீடைரக்ஷன் தாளைக் காட்டிக் கொடுங்கையூருக்குத் திருப்பிவிட மாட்டார்கள். உறையில் அச்சிட்ட முகவரியில், உரியவரிடம், அடையாளம் பார்த்துக் கொடுப்பார்கள். அந்த முகவரியில் ஆள் இல்லையென்றால் அது பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிவிடும். மற்றத் தபாலுக்கு இல்லாத இந்தக் கண்டிப்பு இதற்கு ஏன் என்று பலர் தபால்காரரிடம் வாதாடுவார்கள். பாஸ்போர்ட்டில் முகவரியும் ஒரு விவரமாகப் பதிவாகிறது. போலீஸ் விசாரணையும் அந்த முகவரியை வைத்தே நடக்கிறது. அந்த இடத்தில் ஆளே இல்லை என்றால், விண்ணப்பத்தில் சொன்னது உண்மையா என்ற கேள்வியே எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அதைத் தபால்காரர் ஒரு கோடு கிழித்துத் தீர்த்துவிட முடியாது. பழைய வீட்டுக்காரரிடம் சொல்லி வாங்கி வைக்கச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், அவரிடம் கொடுக்க மாட்டார்கள். 'பழைய வீட்டு வாசலில் அன்று மட்டும் மகனை நிற்க வைத்து வாங்கிவிடுங்கள்' என்று புரோக்கர் சொல்லக்கூடும். அதையும் கேட்காதீர்கள், குடியில்லாத முகவரியோடு ஒரு பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது பின்னால் விசா, வேலை என்று எல்லா இடத்திலும் விளக்கம் கேட்கும். மகன் தம் விண்ணப்ப எண்ணோடு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இப்போதே, அச்சாவதற்கு முன், போய் முகவரி மாறியதைத் தெரிவிக்க வேண்டும். அச்சாகிவிட்டிருந்தால், முகவரி மாற்றத்துக்காக மறு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும். செலவும் நாளும் கூடும், ஆனால் முறை அதுதான்.

கடைசியாக, பழைய வீட்டின் பக்கத்து வீட்டாரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். உங்கள் பெயருக்குப் பதிவுத் தபாலோ ஸ்பீடு போஸ்டோ வந்தால் 'வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்' என்று உதவி செய்வதாக நினைத்துச் சொல்லிவிட வேண்டாம். உறையில் 'லெஃப்ட்' என்று எழுதுவதற்கும் 'ரெஃப்யூஸ்டு' (வாங்க மறுத்தார்) என்று எழுதுவதற்கும் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸைப் பெறுநர் மறுத்தாலோ, வாங்காமல் விட்டாலோ, அது சேர்ந்ததாகவே கருதப்படும். காசோலை பணமில்லாமல் திரும்பிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1999-லும் 2007-லும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தபாலை வாங்காவிட்டால் வழக்கு வராது என்று சொல்லிக்கொடுக்கிற தரகர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டு, நோட்டீஸுக்குப் பின் காசோலைப் பணத்தைக் கட்டுவதற்கான 15 நாளைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், இனி ஸ்பீடு போஸ்ட் உறை எதையும் 'ஏதோ விளம்பரம்' என்று ஒதுக்காதீர்கள். கதவு பூட்டியிருந்தால் தபால்காரர் அறிவிப்புச் சீட்டு போட்டுவிட்டுப் போவார். உறை ஏழு நாள் காத்திருக்கும். அந்தச் சீட்டு உங்கள் பழைய கதவிடுக்கில் கிடந்தால் யார் எடுத்துத் தருவார்? ஆகவே பழைய வீட்டு உரிமையாளரிடமும், இப்போது அங்கே குடிவந்திருப்பவரிடமும், பெரிய எழுத்தில் உங்கள் பெயரும் செல்பேசி எண்ணும் எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்து, மின்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். ரீடைரக்ஷன் தாள் கொடுக்கப் போகிற அன்றைக்கே இதையும் முடித்துவிடலாம். இரண்டும் ஒரே தெருப்பக்கம்தானே.