கேள்வி – பதில்: ராத்திரி வெளிச்சம் போதவில்லையா?

கேள்வி: எட்டு வருடம் ஓடிய கார். பிரைட்டும் டிம்மும் ஒன்றிலேயே இருக்கும் எச்-4 பல்ப். ஹெட்லைட்டின் முன் கண்ணாடி மஞ்சளித்துவிட்டது. மழை ராத்திரியில் ரோட்டுக் கோடே தெரிவதில்லை. 100/90 வாட்ஸ் பல்ப் போட்டால் சரியாகுமா?

பதில்: போடாதீர்கள். கம்பெனி பல்ப் 60/55 வாட்ஸ். அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. பிரைட் அடிக்கும்போது இரண்டு பல்பும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். 100 வாட்ஸ் போட்டால் அது 16-ஐத் தாண்டும். கரண்ட் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே போனாலே வயரின் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். முதலில் இளகுவது பல்புக்குப் பின்னால் செருகும் மூன்று பின் ஹோல்டர். கழற்றிப் பார்த்தால் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் காபி நிறத்துக்குக் கருகியிருக்கும். அடுத்து, வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு, பல்புக்கு நேர் மேலே மங்கும். அது போய்விட்டால் எந்தப் பல்ப் போட்டும் பிரயோசனமில்லை. ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் செருகுவது, வயரையே ஃபியூஸ் ஆக்குகிற வேலை.

உங்கள் குறை பல்பில் இல்லை, மஞ்சளித்த கண்ணாடியில். அது பெயருக்குத்தான் கண்ணாடி; உண்மையில் பாலிகார்பனேட். மேலே இருக்கும் பாதுகாப்புப் பூச்சு வெயிலில் உரிந்ததால் மஞ்சளிக்கிறது. சுற்றிலும் பெயின்ட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேயுங்கள். முதல் தேய்ப்பில் மஞ்சள் பால் மாதிரி வழியும். அது வெள்ளையாக மாறும்வரை அடுத்த நம்பருக்குப் போகக்கூடாது. பிறகு பாலிஷ். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், சில மாதத்தில் பழையபடி மஞ்சள். யு.வி. தாங்கும் கிளியர் கோட் அடித்தால்தான் நிற்கும். டூத்பேஸ்ட் வைத்தியமும் அதே கதைதான்.

கேள்வி: கண்ணாடி பளிச்சென்றுதான் இருக்கிறது. புதுப் பல்பும் போட்டாயிற்று. ஆனாலும் மங்கல். வயரிங்கைச் சந்தேகப்படலாமா?

பதில்: தாராளமாக. இன்ஜினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் முதலில் பேட்டரி முனையிலும், பிறகு எரிந்துகொண்டிருக்கும் பல்பின் ஹோல்டரில் பின்பக்கமாக முனையைச் செருகியும் அளவெடுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் வோல்ட்டேஜ் முழுசாகக் காட்டி ஏமாற்றும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குறை இருக்கிறது. ஹாலஜன் பல்புக்கு 13.2 வோல்ட்டுக்குப் பதில் 12.2 கிடைத்தால் வெளிச்சத்தில் சுமார் கால்பங்கு போய்விடும். பல்ப் எரியும்; அதனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

முதலில் எர்த் வயர் பாடியில் முடுக்கியிருக்கும் இடத்தைச் சுரண்டித் துருவெடுங்கள். பாதி வண்டிகளில் இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் ரிலே செட். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 எண் பின்னுக்கு, 87 எண் பின்னிலிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் வயர் 86-இல், எர்த் 85-இல். சில கார்களில் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தை இணைக்கும். அவற்றில் இந்தக் கணக்கு பொருந்தாது, வாங்குமுன் கேளுங்கள். லைட்டைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எல்.இ.டி. பல்ப் போட்டேன். பக்கத்து ரோடு பகல் மாதிரி இருக்கிறது. ஆனால் தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதிரே வருகிறவர்களும் லைட் அடித்துத் திட்டுகிறார்கள்.

பதில்: இரண்டும் ஒரே குறைதான். ரிஃப்ளெக்டர், ஹாலஜன் இழை இருக்கும் அந்த ஒரே இடத்தை நம்பிச் செய்யப்பட்டது. எல்.இ.டி.யில் வெளிச்சம் வருவது இருபக்கமும் ஒட்டிய தட்டையான சிப்பிலிருந்து. இடம் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளினாலே தூரத்துக்குப் போகவேண்டிய வெளிச்சம் காலடியில் கொட்டும், மிச்சம் எதிராளி கண்ணுக்குப் போகும். காலடி பளிச்சென்று இருந்தால் நம் கண்பாவை சுருங்கும். இருட்டான தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும். நிறைய வெளிச்சம் இருப்பதாக மனசு நம்புவதுதான் இதில் ஆபத்து.

பல்பைப் பிடித்திருக்கும் காலர் வளையத்தைத் திருப்பி, சிப்கள் இடமும் வலமும் பார்த்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் பார்த்தால் தப்பு. பிறகு சுவரில் டிம் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு கிழித்த மாதிரி இல்லாமல் மேலே சிதறினால், பழைய ஹாலஜனே மேல். விசிறி வைத்த பல்பை ரப்பர் மூடிக்குள் அடைத்தால் சூடேறி அரைமணியில் மங்கும். மூடியைக் கழற்றிவிட்டால் தூசியும் தண்ணீரும் உள்ளே போகும்.

கேள்வி: பல்ப் மாற்றியபின் உயரத்தை வீட்டிலேயே சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள், உள்ளே இருக்கும், ஹெட்லைட் உயரத்தை மாற்றும் லெவல் திருகு பூஜ்யத்தில். சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, பல்பின் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். டிம் விளிம்பு அதற்கு 5 செ.மீ. கீழே விழவேண்டும். ஹெட்லைட் மேல் 1.0 அல்லது 1.2 சதவீதம் இறக்கம் என்று அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்; 1.2 என்றால் 6 செ.மீ. பல்ப் 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், 5 செ.மீ. இறக்கத்தில் வெளிச்சம் 65 மீட்டர் வரை போகும். கவனிக்காமல் 10 செ.மீ. இறங்கியிருந்தால் 32 மீட்டரோடு சரி. காசு செலவில்லாமல் பாதி தூரத்தைத் திரும்பப் பெறும் வழி இது ஒன்றுதான்.

கேள்வி: வலதுபக்கப் பல்ப் மட்டும் அடிக்கடி போகிறது. ஏன்?

பதில்: இரண்டு பக்கமும் போனால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்கலாம்; ஓடும்போது 14.8 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அதுதான் காரணம். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஹோல்டர் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே ஈரம் இறங்கியிருக்கும், அல்லது மாட்டியவர் விரல் பட்டிருக்கும். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகி பல்ப் பலவீனமாகும். உலோக அடியைப் பிடித்து மாட்டுங்கள். பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்தபின் போடுங்கள்.