ஸ்காட்லாந்து மக்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்துக்காரர்கள் எல்லோரும் கெல்ட் இனம்தானே சார்?

பதில்: பாதி சரி. 9-ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்தில் குறைந்தது ஐந்து கூட்டத்தார் இருந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பிக்டுகள் என்ற பழங்குடியினர். மேற்குக் கரையில், அயர்லாந்தோடு கடல்வழிச் சொந்தம் உள்ள கேலிக் மொழிக்காரர்கள். கிளைட் ஆற்றோரம் டம்பார்ட்டன் பாறைக்கோட்டையை வைத்திருந்த பிரிட்டன்கள். தென்கிழக்கில் பழைய ஆங்கிலம் பேசிய ஆங்கிள்கள். கடைசியாக வந்து தீவுகளைப் பிடித்துக்கொண்ட நார்வேக்காரர்கள். முதல் மூவர்தான் கெல்ட் வழி, பின் இருவர் அல்ல. ஆர்க்னியும் ஷெட்லாந்தும் 1468-69-இல்தான் ஸ்காட்லாந்து கைக்கு வந்தன. அதுவும் டென்மார்க் இளவரசியின் சீதனப் பாக்கிக்கு அடமானமாக! கடைசிவரை யாரும் மீட்கவில்லை. ஒரே ரத்தம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

கேள்வி: பிக்டுகளைக் கொன்று ஒழித்துவிட்டார்களாமே?

பதில்: கென்னத் மக்ஆல்பின் என்ற அரசர் விருந்துக்கு அழைத்துப் பிக்ட் தலைவர்களைத் தீர்த்துக்கட்டினார் என்பது பின்னாளில் கட்டிய கதை. அதே கென்னத் 858-இல் இறந்தபோது அயர்லாந்து ஆண்டுக் குறிப்புகள் அவரைப் 'பிக்டுகளின் அரசர்' என்றே எழுதின. 900 வாக்கில் அந்தப் பட்டம் மறைந்து 'ஆல்பாவின் அரசர்' வந்துவிடுகிறது (ஆல்பா என்பது ஸ்காட்லாந்துக்குக் கேலிக் பெயர்). மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள், மொழிதான் போயிற்று. பிட்லாக்ரி போல 'பிட்' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களும் சித்திரம் செதுக்கிய கற்களும் மிச்சம்.

கேள்வி: இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்ட வில்லியம் வாலஸ், கில்ட் என்ற பாவாடையைக் கட்டிக்கொண்டா போருக்குப் போனார்?

பதில்: இல்லை. அவர் தெற்குச் சமவெளிக் குடும்பத்தவர். உடம்பைச் சுற்றிக் கட்டும் பெரிய கில்ட் 16-ஆம் நூற்றாண்டில் ஹைலேண்ட் என்ற வடமேற்கு மலைநாட்டில் வந்தது, இன்று கல்யாணங்களில் பார்க்கும் குட்டைக் கில்ட் 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1297-இல் ஸ்டர்லிங்கில் அவருக்குக் கைகொடுத்தது உடையல்ல, பாலம். குறுகலான மரப்பாலத்தில் இங்கிலாந்துப் படை கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்துவர, பாதிப் பேர் வந்ததும் பாய்ந்தார்கள். கூட நின்று நடத்திய ஆண்ட்ரூ மோரேயை இன்று யாருக்கும் தெரியவில்லை, பாவம்.

கேள்வி: 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது நாட்டைக் காசுக்கு விற்றுவிட்டார்களா?

பதில்: விற்றவர்களும் உண்டு. 1698-இல் பனாமா கரையில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்கப் போய், காய்ச்சலும் பசியும் ஸ்பானியரும் சேர்ந்து துரத்த, 1700-இல் எல்லாம் முடிந்தது. ஊர்ப்பட்ட பணம் மூழ்கியது. இணைப்பின்போது இங்கிலாந்து கொடுத்த 3,98,085 பவுண்டில் பாதிக்கு மேல் அந்தப் பங்குதாரர்களுக்குத்தான் போயிற்று. எடின்பரோ தெருக்களில் கலவரமே நடந்தது. ஆனால் நீதிமன்றம், திருச்சபை இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. நாடாளுமன்றம் போன பிறகும் அவர்கள் கரைந்துபோகாததற்கு அதுதான் காரணம் என்பது என் கணக்கு.

கேள்வி: கல்லோடன் போர் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்ததா?

பதில்: இல்லை. 1746 ஏப்ரல் 16 அன்று அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நின்றார்கள். அது பதவி இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் ஆதரவாளர்களுக்கும் ஆட்சியில் இருந்த அரசருக்கும் நடந்த அரியணைச் சண்டை. ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

கேள்வி: ஹைலேண்ட் மக்களை ஆங்கிலேயர்கள் ஊரைவிட்டு விரட்டியதாகப் படித்தேன். விவரம் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: விரட்டியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தக் குலத் தலைவர்கள் தம்பி. கல்லோடனுக்குப் பிறகு தலைவருக்கு வாள் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை, குத்தகைப் பணம்தான் தேவைப்பட்டது. செவியட் ஆடு வளர்க்கத் தெற்கிலிருந்து வந்தவர்கள் குடியானவர்களைவிடப் பல மடங்கு குத்தகை தரத் தயாராக இருந்தார்கள்.

சதர்லாந்து சீமாட்டி எலிசபெத்தின் நிலத்தில், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-இலும் 1819-இலும் நடந்ததைப் பாருங்கள். மரம் அரிதான ஊர். சுவர் கல்லும் புல்கட்டியும்தான், எங்கே போனாலும் கிடைக்கும். விலையுள்ளது கூரை மரம் ஒன்றே. குடிபெயர்கிறவர்கள் அதைக் கழற்றிச் சுமந்துபோய் அடுத்த இடத்தில் வீடு எழுப்புவார்கள். அதனால்தான் காலிசெய்ய வந்தவர்கள் கூரைக்குத் தீ வைத்தார்கள். திரும்பி வந்து தங்க வழி இருக்கக் கூடாது. முன்னின்று நடத்திய பேட்ரிக் செல்லர் மீது 1816-இல் இன்வர்னஸில் உயிர்ச்சேத வழக்கு நடந்தது. விடுதலையாகி வீட்டுக்குப் போனார்.

வெளியேற்றப்பட்டவர்களை வடகடற்கரையில் கையகல நிலத்தில் குடிவைத்தார்கள். விளைச்சல் வயிற்றுக்குப் போதாது, மீன்பிடிக்கப் போய்த்தான் ஆகவேண்டும் என்பதே திட்டம். அங்கே ஒரு ஊருக்குச் சீமாட்டியின் பெயரையே வைத்தார்கள்: பெட்டிஹில் (எலிசபெத்தின் செல்லப் பெயர் பெட்டி). குடியானவருக்கு நிலத்தில் நிலையான உரிமை வந்தது 1886 சட்டத்தில்.

கேள்வி: இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு டன்சினேன், ஹோலிரூட் என்றெல்லாம் பெயர். அப்படி விரட்டப்பட்டவர்கள்தான் இங்கே துரைமாராக வந்தார்களா?

பதில்: நல்ல சந்தேகம், ஆனால் பெரும்பாலும் இல்லை. விரட்டப்பட்டவர்கள் கையில் காசில்லாமல் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். துரைமாரில் பலர் அபர்டீன் வட்டாரத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். 1867-இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் அதற்குச் சற்றுத் தெற்கே கின்கார்டின்ஷயரில் பிறந்தவர், வண்டிச்சக்கரம் செய்கிறவரின் மகன். ஊர் ஞாபகத்தில் பெயர் வைத்தார்கள். லயத்தில் இருந்த தோட்டத் தொழிலாளர்களை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: கேலிக் மொழி இன்னும் இருக்கிறதா?

பதில்: 2022 கணக்கெடுப்பில் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 70,000 பேர். நன்றாகக் காதில் விழ வேண்டுமென்றால் மேற்குத் தீவுகளுக்குத்தான் போகவேண்டும்.

கேள்வி: என் மேலாளர் பெயர் மக்டொனால்ட். 1692-இல் கிளென்கோ பள்ளத்தாக்கில் வெட்டப்பட்ட மக்டொனால்ட் குலத்தாரின் வாரிசாக இருப்பாரா?

பதில்: பெயரை வைத்துச் சொல்ல முடியாது. தலைவரின் நிலத்தில் வாழ்ந்த குடியானவர்களும் அவர் பெயரையே சூட்டிக்கொண்டார்கள், ரத்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். தாத்தா எந்த ஊர் என்று கேளுங்கள். சம்பள உயர்வு கேட்கிற அன்றைக்கு மட்டும் வேண்டாம்.