வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்க்கப் பழைய காரீயத்தை உருக்கலாமா?

வீச்சு வலைக்கான ஈயக்குண்டுகளைத் தாமே வார்க்க விரும்பும் வாசகர் ஒருவர், பழைய காரீயக் குழாய்கள், டயர் கடையில் கிடைத்த வீல் பேலன்சிங் எடைகள், பழுதான ஒரு பேட்டரி ஆகியவற்றை வீட்டில் உருக்கிக் கட்டிகளாக வார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பேட்டரியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அதன் தட்டுகளில் கந்தக அமிலம் ஊறியிருக்கும். சில வகைகளை உருக்கியபின் எஞ்சும் கசடில் ஈரம் பட்டால் கொடிய நச்சு வாயுக்கள் கிளம்பக்கூடும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருப்பதால், அதைப் பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

மற்ற இரண்டையும் உருக்கலாம். ஆனால் சமையலறையிலோ வீட்டுக்குள்ளோ வேண்டாம். காற்றோட்டமான திறந்தவெளியில், மழைக்கு வாய்ப்பில்லாத நாளில், சமையலுக்கு இனி ஒருபோதும் பயன்படுத்தாத கனமான இரும்புச் சட்டியில் செய்யுங்கள். பலரும் புகைக்கு அஞ்சுகிறார்கள்; நான் அதைவிட அஞ்சுவது நீருக்கு. உருகிய காரீயத்துக்கு அடியில் ஒரு துளி நீர் சிக்கினாலும், அது நொடியில் 1,600 மடங்குக்கும் மேலாக ஆவியாக விரிந்து, உலோகத்தை முகத்தை நோக்கி வீசியடிக்கும். ஆகவே உலர்ந்த துண்டுகளைக் குளிர்ந்த சட்டியில் நிரப்பிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்; இருமுனையும் நசுங்கிய குழாய்க்குள் நீர் ஒளிந்திருக்கும் என்பதால் அதைத் திறக்காமல் போடாதீர்கள்; கரண்டியையும் அச்சையும்கூட முன்கூட்டியே சூடேற்றுங்கள். முகக்கவசமும் தோல் கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம்.

காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வீல் எடைகளுக்கிடையே கலந்துவிடும் துத்தநாக எடைகள் உருக 419 டிகிரி தேவை. வெப்பமானி வைத்து 380 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், துத்தநாகமும் எடைகளிலுள்ள இரும்புக் கொக்கிகளும் மேலே மிதக்கும். அப்போதே அள்ளிவிட வேண்டும், ஏனெனில் துத்தநாகம் கலந்த காரீயம் அச்சை ஒழுங்காக நிரப்பாது.

இந்த வெப்பத்தில் காரீய ஆவி மிகக் குறைவே. உடலுக்குள் செல்வது பெரும்பாலும் மேலே படியும் சாம்பல்நிறக் கசடின் தூள்தான். துணி முகமூடி அதைத் தடுக்காது, மிக நுண்ணிய தூளையும் தடுக்கும் பி100 (P100) வகை வடிகட்டி பொருத்திய சுவாசக்கவசமே வேண்டும். கசடை மூடியுள்ள இரும்பு டப்பாவில் சேர்த்துவையுங்கள், மண்ணில் கொட்டாதீர்கள். உடைகளைத் தனியே துவையுங்கள். தீங்கற்ற காரீய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளோ கருவுற்றவர்களோ வாழும் வீட்டு வளாகத்தில் இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குழாய்க் காரீயத்தையும் எடைக் காரீயத்தையும் தனித்தனிக் கட்டிகளாக வார்த்து அடையாளமிடுங்கள். எடைகளில் ஆன்டிமனி கலந்திருப்பதால் அவை கடினமானவை. கயிற்றில் வைத்து நெரித்துப் பொருத்தும் குண்டுகளுக்கு மென்மையான குழாய்க் காரீயமே ஏற்றது.