கேள்வி – பதில்: மார்ட்டின் பூபரும் 'நீ' என்னும் உறவும்

கேள்வி: யூத மதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர், எதிரில் இருப்பவரை ஒரு பொருளாகக் கருதாமல் 'நீ' என்று எதிர்கொள்ள வேண்டும் என்கிறாராமே. நாள் முழுவதும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவருக்கு இது சாத்தியமா?

பதில்: எல்லா நேரமும் சாத்தியமில்லை, பூபர் அப்படிக் கேட்கவும் இல்லை. 1923-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த 'நானும் நீயும்' என்ற நூலில் அவர் இரண்டு உறவுகளைப் பிரித்துக் காட்டுகிறார். அளந்து, வகைப்படுத்தி, பயன்படுத்திக்கொள்வது 'நான்–அது'. எதையும் ஒளித்துவைக்காமல் முழுமையாக எதிர்நிற்பது 'நான்–நீ'. முதலாவதை அவர் பாவம் என்று ஒதுக்கியதாகப் பலரும் எழுதிவருவது சரியல்ல. 'அது' இன்றி மனிதனால் வாழ முடியாது, அதனோடு மட்டுமே வாழ்கிறவன் மனிதனல்ல என்ற கருத்தோடுதான் நூலின் முதற்பகுதி முடிகிறது. எந்த 'நீ'யும் சிறிது நேரத்தில் 'அது'வாகிவிடும் என்பதையும் அவர் வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறார்.

அன்பாகப் பழகினாலே 'நீ' உறவு வந்துவிடும் என்பதும் அவர் கருத்தல்ல. பதினொரு வயதில், கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியின் பண்ணைக்குப் போயிருந்தபோது, யாரும் பார்க்காத நேரமாகத் தொழுவத்துக்குள் நுழைந்து, சாம்பல் புள்ளிகள் கொண்ட ஒரு குதிரையின் பிடரியைத் தடவிக்கொடுப்பாராம். தன்னிலிருந்து முற்றிலும் வேறான ஓர் உயிர் தன்னைத் தொட அனுமதிப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒருநாள் தடவிக்கொண்டிருக்கும்போதே, இது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று தன் கையைப் பற்றிய நினைப்பு வந்துவிட்டது. கை அசைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உறவு அறுந்துபோயிற்று. மறுநாள் தீனி வைத்தபோது குதிரை தலை நிமிரவில்லை. பூபரைப் புரிந்துகொள்ள, கடினமான அந்த நூலைவிட இந்தச் சம்பவமே நல்ல வாசல் என்பது என் எண்ணம்.

மருத்துவருக்கு வருவோம். 1957-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பூபருடன் நடந்த உரையாடலில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், தாமும் தம்மிடம் சிகிச்சைக்கு வருபவரும் அந்தக் கணத்தில் சமமாகவே சந்திக்கிறோம் என்றார். பூபர் விட்டுக்கொடுக்கவில்லை: சிகிச்சைக்கு வருபவர் உதவி தேடி வருகிறார், நீங்கள் உதவுகிறீர்கள், அவர் நிலையில் நின்று நீங்கள் பார்க்கலாம், அவரால் உங்கள் நிலையில் நிற்க இயலாது என்று மறுத்தார். ஆகவே மருத்துவர் நாடி பார்ப்பதையும் ரத்த அறிக்கையைப் படிப்பதையும் விட வேண்டியதில்லை. அந்த அறிக்கைக்கு அப்பால் ஒருவர் தம் முன் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு இடம் விட்டால் போதும்.

கேள்வி: காந்தியுடன் அவர் உரையாடினாரா?

பதில்: உரையாட முயன்றார். ஜெர்மானிய யூதர்கள் சத்தியாகிரகத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று 1938 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதினார். அதே ஆண்டில் ஜெர்மனியை விட்டு எருசலேமில் குடியேறியிருந்த பூபர், தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலையும் வதைமுகாம்களில் அடைபட்ட யூதர்களின் நிலையும் ஒன்றல்ல என்று 1939 பிப்ரவரியில் மிகுந்த மரியாதையுடன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதற்குக் காந்தியிடமிருந்து பதில் வந்ததாகப் பதிவில்லை.