துடைப்பத்தோடு வந்த டீச்சர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மதர் தெரசாவைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு அவர் சேரிக்குப் போனதைச் சொல்லும்போது ‘உண்மையான துறவு அங்கேதான் தொடங்கியது’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் கன்னியர் நடத்திய பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவள். நாங்கள் இந்துக்கள், அப்பா தையல்காரர். ஒன்பதாம் வகுப்பில் ஃபீஸ் கட்டத் தாமதமானதால் ஒரு சிஸ்டர் என்னை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார். கணக்கு எடுத்த இன்னொரு சிஸ்டர், அந்த வாரம் முழுக்க மாலையில் என்னை உட்காரவைத்து விட்டுப்போன பாடத்தை மறுபடி நடத்தினார். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கு மட்டும்தான். இன்று நான் வங்கியில் வேலை பார்ப்பதற்கு அந்த மாலைகள்தான் காரணம்.

இரண்டு பேரும் ஒரே சேப்பலில் ஒரே ஜெபத்தைத்தானே சொன்னார்கள்? டீச்சராக இருக்கும் சிஸ்டர்களுக்கு ஆன்மிகம் என்று ஒன்று உண்டா, இல்லை சம்பளம் வாங்காத ஊழியர்கள் மட்டும்தானா? கணக்கு சிஸ்டருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, சபையின் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போய்ப் பார்க்க ஆசை. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. (என் பெயர் வேண்டாம்.)

---

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த வரி. தப்புதான். எழுதும்போது காதுக்கு நன்றாக இருந்தது, அதற்காகவே அதைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தெரசா 1929 ஜனவரியில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது வயது 18. டார்ஜிலிங்கில் நவதுறவகம் என்ற துறவுப் பயிற்சி, 1931-இல் முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவுக்கான சத்தியம், அப்புறம் கல்கத்தாவின் என்டாலி பகுதியில் இருந்த லொரேட்டோ மடத்தின் வங்காள வழிப் பள்ளி. அங்கே 17 வருடம் இருந்தார். பூகோளமும் சரித்திரமும் எடுத்தார், 1944-இல் தலைமை ஆசிரியை ஆனார். இடையில் மடத்துக்கு வெளியே இருந்த ஒரு ஏழைப் பள்ளிக்கும் அவரை அனுப்பினார்கள். ஒரே நீளமான கூடத்தில் பல வகுப்புகள், தரையெல்லாம் அழுக்கு. முதல் நாள் அவர் பாடம் எடுக்கவில்லை. கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாமான்களை வெளியே தள்ளி, தண்ணீரும் துடைப்பமுமாகத் தரையைக் கழுவ ஆரம்பித்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்களாம், டீச்சர் தரை கழுவி அவர்கள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் பெண்பிள்ளைகள் கூடச் சேர்ந்துகொண்டார்கள், பையன்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் துடைப்பம் எந்தச் சாதியின் கையில் இருக்க வேண்டும் என்று எழுதாத சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நடந்தது பாடம் இல்லையென்றால் வேறு எது பாடம்?

1946 ஆகஸ்ட் 16, கல்கத்தாவில் இந்து-முஸ்லிம் கலவரம் வெடித்த நாள். விடுதியில் சுமார் 300 பெண்கள், சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லை. தெரு முழுக்கப் பிணமாகக் கிடக்கும்போது அவர் தனியாக வெளியே போய் அரிசி தேடியிருக்கிறார். மடத்தை விட்டு ஏழைகளோடு வாழப் போ என்று டார்ஜிலிங் ரயிலில் அவருக்குக் கேட்டதாகச் சொல்லப்படும் அந்த அழைப்பு அதற்குப் பிறகு, செப்டம்பர் 10-இல். லொரேட்டோவை விட்டுப் போனதுதான் தன் வாழ்க்கையின் பெரிய தியாகம், வீட்டை விட்டு வந்ததைவிடக் கஷ்டமானது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். சரி, போய் முதலில் என்ன செய்தார்? என்டாலி மதிலுக்கு அந்தப் பக்கம் மோத்திஜீல் சேரி. பலகை கிடையாது, மேசை கிடையாது. குச்சியால் மண்ணில் வங்காள எழுத்தை எழுதிக் காட்டி ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1949 மார்ச்சில் முதல் ஆளாக அவரோடு சேர வந்த சுபாஷினி தாஸ் அவரிடம் படித்த பெண். அடுத்தடுத்து வந்தவர்களிலும் முன்னாள் மாணவிகள் பலர். 17 வருட வகுப்பறையைக் கழித்துவிட்டால், பிறகு அவர் தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி என்ற சபையே கிடையாது. நான் எழுதியது எவ்வளவு அரைகுறை என்று பாருங்கள்.

அடுத்து, சம்பளம் வாங்காத ஊழியர்கள் என்பது. அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் சிஸ்டருக்கு மற்ற ஆசிரியர்களைப் போலவே அரசு சம்பளம் தருகிறது. அதை அவர் சபையிடம் கொடுத்துவிடுகிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவருக்குத் தன் பெயரில் பணம் என்று ஒன்று இல்லை. திருச்சபைச் சட்டப்படி துறவி உலக வாழ்வுக்கு இறந்தவர், ஆகவே அந்தச் சம்பளம் அவருடைய வருமானமே இல்லை, வரி பிடிக்கக்கூடாது என்று தமிழ்நாடு, கேரளச் சபைகள் வழக்குப் போட்டன. பல பத்தாண்டுகளாக வரி பிடிக்காமல்தான் இருந்தார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிடிக்கலாம் என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சபைகளின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. சம்பளம் யார் கைக்கு வருகிறதோ அவர் அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது வரித்துறைக்குத் தேவையில்லாத விஷயம், அவ்வளவுதான் வாதம். எனக்குத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது. ஆனால் மாதா மாதம் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, மீட்டிங்குக்கு ஓடுகிற ஒரு ஆள், நான் செத்தவள் என்று நீதிமன்றத்தில் வாதிட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் ஏதோ செய்கிறது. நீங்கள் வங்கியில் இருப்பவர், அந்தக் கணக்கு சிஸ்டரின் பெயரில் ஒரு பாஸ்புக் இருந்து அதைத் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆன்மிகத்துக்கு வருகிறேன். தெரசா 1948 வரை இருந்த லொரேட்டோவின் வேர் மேரி வார்டு என்ற ஆங்கிலேயப் பெண்ணிடம் போய் நிற்கிறது. அவர் 1585-இல் யார்க்‌ஷயரில், கத்தோலிக்கராக இருப்பதே குற்றமான காலத்தில் பிறந்தவர். அன்றைக்குத் துறவறம் பூணும் பெண் அடைபட்ட மடத்துக்குள்தான் இருக்க வேண்டும், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் வெளியாரிடம் பேச வேண்டும். மேரி வார்டு அடைப்பு வேண்டாம், ஆயரின் (பிஷப்பின்) பிடியும் வேண்டாம், இஞ்ஞாசியாரின் இயேசு சபைக்காரர்கள் போல ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கிறோம் என்றார். அனுமதி கேட்க 1621-இல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நடந்தே ரோமுக்குப் போனார். ஓடித் திரியும் பெண்கள் என்று கேலி. என்ன இருந்தாலும் பெண்கள்தானே என்று ஒரு பாதிரியார் சொன்னதைக் கேட்டுவிட்டு, பெண்கள் பெரிய காரியங்களைச் செய்ய முடியாது என்று சொல்லும் அளவுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை என்று தன் சகோதரிகளிடம் பேசினார். அது 1617.

1631-இல் போப் எட்டாம் அர்பன் சபையைக் கலைத்துவிட்டார். மேரி வார்டை மதவிரோதி என்று மியூனிக்கில் ஒரு மடத்து அறையில் பூட்டிவைத்தார்கள். அங்கிருந்து எலுமிச்சம்பழச் சாற்றில் எழுதி வெளியே கடிதம் அனுப்பினார், நெருப்பில் காட்டினால் எழுத்து தெரியும். நோய் முற்றிச் சாகக் கிடந்தபோது, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அவஸ்தைப்பூசுதல், அதாவது சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் சடங்கு, கொடுப்போம் என்றார்கள். மதவிரோதமாக ஏதோ செய்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் தொனி அதில் இருந்தது. போட மறுத்துவிட்டார். போப்பின் ஆணைக்குப் பணிந்தவர், சபை கலைந்ததை ஏற்றவர், பொய்க்கு மட்டும் கை நீட்டவில்லை. (பிழைத்துக்கொண்டார். 1645-இல் யார்க் பக்கத்தில் இறந்தார். ஏழைகளை நேசித்து அவர்களோடு வாழ்ந்து சாவதே குறிக்கோளாக இருந்தவர் என்று கல்லறையில் ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள், கத்தோலிக்கம் என்ற சொல் அதில் கிடையாது.) அவரை நிறுவனர் என்று ரோம் ஒத்துக்கொள்ள 1909 ஆனது.

நீங்கள் கேட்கும் ஆன்மிகம் என்னைப் பொறுத்தவரை அந்தக் கையெழுத்துப் போடாத இடத்தில்தான் இருக்கிறது. விடியலில் தியானம், பூசை, திருப்புகழ்மாலை என்ற சங்கீத ஜெபம், அப்புறம் முதல் மணி அடித்துவிடும். இரவுச் செபத்தில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை. இந்தக் கால அட்டவணை எல்லாரும் வைத்துக்கொள்ளக்கூடியது. நீங்கள் சொன்ன இரண்டு பேருக்கும் அதேதான் இருந்திருக்கும். அதில் சுதந்திரம், நீதி, உண்மை என்று மேரி வார்டு 1615-இல் எழுதிவைத்த மூன்றும் சேர்ந்தால்தான் சமாச்சாரம். ஃபீஸ் பதிவேட்டைக் கையில் வைத்திருந்த சிஸ்டர், மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்று சொல்லக்கூடும். கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டுக்குள் வசதியாக ஒளிந்துகொள்ள முடியும், ஒளிந்துகொண்டவர்கள் நிறைய. அவருக்காக நான் பரிந்து பேசமாட்டேன், பிள்ளையை வெளியே நிறுத்துவதற்கு எந்த ஜெபமும் ஈடாகாது.

கல்கத்தாவிலேயே இன்னொருவரைச் சொல்கிறேன். சிஸ்டர் சிரில் மூனி, அயர்லாந்துக்காரர், 1956-இல் இந்தியா வந்தவர். 1979-இல் சியால்தா லொரேட்டோ பள்ளிக்கு முதல்வரானார். பக்கத்திலேயே ரயில் நிலையம், பிளாட்பாரத்தில் பிள்ளைகள். 1985-இல் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தார், ரெயின்போ என்று பெயர். எந்த நேரத்திலும் வரலாம், போகலாம், இரவு தங்க இடம் இல்லாத பெண்பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கலாம். சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? அதே பள்ளியின் மாணவிகள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் வேலை-கல்விப் பீரியட் வரும்போது மாடிக்குப் போய் ஆளுக்கொரு பிள்ளையாக உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சில வருடங்களில் பள்ளியில் சுமார் பாதிப் பேர் ஃபீஸ் கட்டாத பிள்ளைகள். பணம் கட்டிச் சேர்த்த அப்பா அம்மாக்களை அவர் எப்படிச் சமாளித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். 2007-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023-இல் காலமானார். தெரசா போல லொரேட்டோவை விட்டு அவர் வெளியே போகவில்லை, முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே செய்தார். இதையும் அந்தக் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் கணக்கு சிஸ்டர் ஆறுதல் சொல்லவில்லை என்கிறீர்கள். ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு, அதுவும் ஊரே பார்க்க ஒரு வாரம் நின்ற பெண்ணுக்கு, இரக்கத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளச் சொல்வது அதிகம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அல்லது அவருக்குப் பேசவே வராமல் இருக்கலாம், கணக்கு வாத்தியார்கள் பலர் அப்படித்தான்.

கட்டாயம் போங்கள். காலையில் பூசை, மதியம் கொஞ்சம் படுப்பார்கள், ஆகவே மாலை நான்கு மணிக்கு மேல் போவது நல்லது, டீ கொடுக்கும் நேரம். முன்னாலேயே இல்லத்துப் பொறுப்பு சிஸ்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். புடவை, பணம் எதுவும் வேண்டாம், வாங்கினாலும் சபைக்குத்தான் போகும். எல்லாருக்குமாகப் பழமோ பிஸ்கட்டோ எடுத்துப் போங்கள். உங்களை அடையாளம் தெரியாமல் போகலாம், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், அவரும் உங்களிடம் பேசியதில்லையே. ஒன்பதாம் வகுப்பில் அந்த வாரம் எந்தப் பாடம் நடந்தது என்று நினைவிருக்கிறதா? இருந்தால் அதிலிருந்து ஒரு கணக்கைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள், பாதியில் நிறுத்தி.

அன்புடன்.